பதினோரு நிமிட ஜெபம்

அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை ராபர்ட் இரண்டு விஷயங்களுக்குப் பெயர் போனவர். ஆராய்ச்சி மாணவர்கள் கடைசி நாளில் கொண்டுவந்து கொட்டும் முந்நூறு பக்கத்தை ஒரு மணி நேரத்தில் நகலெடுத்து, அட்டை போட்டு, கையில் கொடுத்துவிடுவார். ஜெபத்துக்குக் கண்ணை மூடினாலோ பதினோரு நிமிடத்துக்குத் திறக்கமாட்டார். முதலாவதில் அவரைப்போல அவசரக்காரர் இல்லை. இரண்டாவதில் அவரை அவசரப்படுத்த ஆளே இல்லை.

பதினோரு நிமிடம் என்பது அவர் மனைவி தமிழ்ச்செல்வி குக்கர் விசிலை வைத்துச் சொன்ன கணக்கு. சபையில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்காமல் அதே கணக்கை மனதில் குறித்துவைத்திருந்தவன் ஒருவன் இருந்தான். அந்தப் பதினோரு நிமிடங்கள் எழிலரசி என்ற பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எப்படிக் கழிந்தன என்பது எட்டு வாரம் கழித்துத்தான் தெரியவந்தது. அதுவும் ராபர்ட் ஒரு தேர்வில் தேறவேண்டியிருந்ததால்.

ராபர்ட் பிறந்தது திட்டக்குடிக்குப் பக்கத்தில் கரும்பு விளையும் ஓர் ஊரில். அப்பா கண்ணாயிரம் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர். மகன் வெட்டக்கூடாது என்று ஆறாம் வகுப்பிலேயே ஒரு கிறிஸ்தவ விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே சாப்பாடு இரண்டு வேளை, ஜெபம் மூன்று வேளை. ஜெபம் நடக்கும்போது வார்டன் பிரம்போடு வரிசைகளுக்கு நடுவே நடப்பார். கண்ணைத் திறந்தவனுக்கு விரல் முட்டியில் ஒன்று விழும். ராபர்ட்டுக்கு முதல் வாரத்தில் நான்கு விழுந்தன. பிறகு விழவே இல்லை. யார் கண் திறந்தார்கள் என்று தெரியவேண்டுமானால் வார்டனின் கண் திறந்திருக்க வேண்டும். எழுபது பையன்களில் ஒருவனும் இதை வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியவன் இருந்திருந்தாலும் முட்டியை நினைத்துச் சும்மா இருந்திருப்பான்.

பயத்தில் மூடிய கண் நாளாக நாளாகப் பக்தியில் மூடிக்கொண்டது. இதில் வியக்க ஒன்றுமில்லை. நல்ல பழக்கங்கள் பலவற்றின் பிறப்புச் சான்றிதழைத் தேடிப்போனால் பிரம்பில்தான் போய் முடியும். பட்டப்படிப்புக்கு அண்ணாமலை நகர் வந்த ராபர்ட், படிப்பு முடிந்தும் ஊர் திரும்ப மனமில்லாமல் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பத்து வருடத்தில் அதையே வாங்கிக்கொண்டார். மனைவி நர்ஸ். பகலெல்லாம் நோயாளிகளைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு வருபவர் என்பதால், கணவரின் ஜெபத்தைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து உண்டு.

“கண்ண மூடுனா ஒங்களுக்குப் பரலோகம் தெரியுது. தொறந்தா அடுப்புல பால் பொங்குறதுகூடத் தெரியல” என்பார்.

வாலிபர் ஊழியம் ராபர்ட்டிடம் வந்து சேர்ந்த விதமும் அவருடைய கண்ணோடு சம்பந்தப்பட்டதுதான். பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வரையிலான பிள்ளைகளுக்கு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு கூட்டம் நடத்த ஆள் வேண்டும் என்று போதகர் கேட்டார். சபையே தலையைக் குனிந்துகொண்டது. ராபர்ட் ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவருக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. கோயிலுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் இருபத்தொரு பிள்ளைகள். ஒவ்வொருவருடைய பெயரும், பரீட்சை தேதியும், வீட்டுச் சண்டையும் அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் அவர் ஜெபத்தில் வைத்தார். அதனால்தான் ஜெபம் நீண்டது.

இந்த வருடம் ஒரு புது விதி வந்தது. காலாண்டு விடுமுறையில் கடலூரில் நடக்கும் மூன்று நாள் முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்துவருகிறவர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஒன்பது சனிக்கிழமைகள் மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் வகுப்பு. பத்தாவது வகுப்பு முகாமேதான். தேறாதவரின் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். நாற்பத்து நான்கு வயதில் ராபர்ட் நோட்டு வாங்கிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினார். வகுப்பில் அவர்தான் மூத்தவர். சொல்லிக்கொடுத்த வினோதினிக்கு முப்பத்தொன்று. பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருந்தவர், சிரிக்காமல் பேசுகிறவர்.

முதல் சனிக்கிழமை அவர் சொன்ன முதல் வாக்கியமே வகுப்பைத் தூக்கிவாரிப்போட்டது.

“பிள்ளைங்க ஜெபிக்கும்போது நீங்க ஜெபிக்காதீங்க.”

விளக்கம் பிறகு வந்தது. பிள்ளைகள் கண்ணை மூடும் நேரத்தில் இரண்டு பெரியவர்கள் கண்ணைத் திறந்து நிற்க வேண்டும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். வாரத்துக்கு வாரம் ஆள் மாற வேண்டும். இதற்குக் காவல் என்று பெயர். பிள்ளைக்கு மயக்கம் வரலாம், ஒருவன் எழுந்து வெளியே போகலாம், வேறு என்னவும் நடக்கலாம். எதற்கு இரண்டு பேர், ஒருவர் போதாதா என்று ஒருவர் கேட்டார்.

“ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறதுக்கு” என்றார் வினோதினி.

பிறகு பயிற்சி. ஒருவர் ஜெபிக்க, ராபர்ட் காவல் நின்றார். ஜெபம் முடிந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று வினோதினி கேட்டார். ராபர்ட் ஒன்றும் விசேஷமில்லை என்றார். இரண்டு பேர் எழுந்து வெளியே போயிருந்தார்கள். மின்விசிறி நின்றிருந்தது.

“நான் நாற்காலி மேல ஏறி நின்னேன் பிரதர். நீங்க ஸ்தோத்திரம் சொல்லிக்கினு இருந்தீங்க.”

மண்டபம் சிரித்தது. இவரைக் காவலுக்குப் போட்டால் செவுத்தையே கழட்டிக்கினு போயிடலாம் என்றார் நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவர். ராபர்ட்டும் சிரித்தார். நடந்தது இதுதான்: கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். ஜெபத்தின் முதல் வாக்கியத்திலேயே இமைகள் தாமாக இறங்கிவிட்டன. முட்டி முப்பது வருடம் முன்பே கற்றுக்கொண்ட பாடத்தை ஒரு சனிக்கிழமை அழித்துவிட முடியாது.

மறுநாள் பிள்ளைகள் கூட்டத்தில் புது விதியைச் சொன்னார். தனக்கு அது வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். கூட்டத்துக்குக் கீபோர்டு வாசிக்கும் பாலகுமார் உடனே எழுந்தான்.

“அண்ணே, நீங்க ஜெபிங்க. காவல நான் பாத்துக்குறேன்.”

பாலகுமாருக்கு இருபத்தொன்பது வயது. சபைச் செயலர் பொன்னுரங்கத்தின் அக்கா மகன். சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். சபையில் பாதிப்பேரின் போன் அவன் கையால் பிழைத்தது. கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளுக்குத் தன் காசில் பன்னும் டீயும் வாங்கிக்கொடுப்பான். அவனிடம் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. அப்படி ஒருவனைப் பார்த்தால் இரண்டாம் முறை பார்க்க வேண்டும் என்ற எண்ணம் சபைகளுக்கு வருவதில்லை; நன்றி செலுத்தத்தான் தோன்றும். இரண்டு பேர் வேண்டுமாமே என்று ராபர்ட் இழுத்ததற்கு, சின்ன ரூம்தானே, நான் ஒருத்தன் போதும் என்றான். ராபர்ட் அன்றைய ஜெபத்திலேயே பாலகுமாருக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

இப்படி எட்டு ஞாயிறு.

பிள்ளைகளைக் காவல்காரனிடம் ஒப்படைத்துவிட்ட நிம்மதியில் ராபர்ட்டின் ஜெபம் இன்னும் விரிந்தது. அவருடைய ஊழிய வாழ்க்கையிலேயே மிக உருக்கமான ஜெபங்கள் அந்த எட்டு வாரத்தில் செய்தவைதான் என்று பிற்பாடு ஒருமுறை சொன்னார்.

எழிலரசியின் அம்மா அமிர்தம் மாணவர் லாட்ஜ் ஒன்றின் மெஸ்ஸில் சமையல் செய்தார். அப்பா பரங்கிப்பேட்டைப் பக்கம் வேறு குடும்பம் நடத்தினார். எழிலரசி பத்தாம் வகுப்பு. கூட்டத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, அறை அதிரப் பாடுகிற பெண். மூன்றாவது வாரம் அவள் கடைசி பெஞ்சில் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். ஐந்தாவது வாரம் பாடுவதை நிறுத்தினாள். ஆறாவது வாரம், ஆமென் சொல்லி ராபர்ட் கண்ணைத் திறந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

ராபர்ட்டுக்கு மெய்சிலிர்த்தது. ஆவியானவர் தொட்டார் என்றே நினைத்தார். சபையில் அழுகைக்கு அதுதான் அர்த்தம். வேறு அர்த்தம் தேடும் வழக்கமில்லை. வீட்டுக்குப் போய்த் தமிழ்ச்செல்வியிடம் மகிழ்ச்சியாகச் சொன்னார். தமிழ்ச்செல்வி, அந்தப் பொண்ணு நல்லாத்தானே சாப்பிடுது, தூங்குது என்று கேட்டார். நர்ஸ் புத்தி எங்கே போகும் என்று ராபர்ட் நினைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் வினோதினி சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டதும் அவர்தான். பிள்ளை அழுதால் அது உங்கள் வெற்றி அல்ல; தண்ணீர் கொடுங்கள்; ஏன் என்று துருவாதீர்கள்; பக்கத்தில் இருங்கள். அழகான கையெழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டார். அந்த வரிக்கும் எழிலரசிக்கும் தொடர்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. நோட்டு ஒரு பையில், ஜெபம் ஒரு பையில்.

இதற்கிடையில் முகாமுக்கான அனுமதிப் படிவங்களை ராபர்ட் தன் கடையிலேயே அச்சடித்தார். பாலகுமார் ஒரு யோசனை சொன்னான். முகாம் வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. கீபோர்டும் ஸ்பீக்கரும் வியாழக்கிழமையே கடலூர் போயாக வேண்டும். பாட்டுப் பயிற்சிக்கு ஒரு குரல் தேவை. எழிலரசியைத் தன்னோடு முந்தின நாளே அழைத்துப் போகிறேன் என்றான். அந்தப் பெண் மறுபடி பாடினால் நல்லதுதானே என்று ராபர்ட்டுக்குத் தோன்றியது. அமிர்தத்திடம் அவரே பேசினார். ராபர்ட் சார் சொன்னா சரி என்று அந்தம்மாள் கையெழுத்துப் போட்டார். கீழே பொறுப்பாளர் என்ற இடத்தில் ராபர்ட் போட்டார்.

ஒன்பதாவது சனிக்கிழமை. கடலூருக்கு முன்னால் தொழிற்பேட்டை வாடை வந்ததும் பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டது. மண்டபத்தில் வினோதினி ஒவ்வொருவரிடமும், உங்கள் கூட்டத்தில் காவல் யார் யார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார். ராபர்ட் பாலகுமாரின் பெயரைப் பெருமையாகச் சொன்னார்.

“இன்னொருத்தர்?”

“அவரு ஒருத்தருதான் சிஸ்டர். எட்டு வாரமா அவருதான்.”

“மாத்தவே இல்லியா?”

“அவரே கேட்டு வாங்கிக்கினாரு.”

வினோதினியின் பேனா நின்றது.

“கேட்டு வாங்கறவங்களுக்கு அத குடுக்கக்கூடாது பிரதர்.”

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. பார்த்திராத ஒருவனைப் பற்றி அதற்கு மேல் சொல்ல அவருக்கு உரிமையில்லை. சொல்லாமல் விடவும் மனமில்லை. எனவே தேர்வைச் சொன்னார். எல்லோருக்கும் ஒரே தேர்வுதான். நாளை உங்கள் பிள்ளைகள் நடுவில் நீங்களே ஜெபத்தை நடத்துங்கள். முழு ஜெபமும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். அந்த நேரத்தில் பார்த்த மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு முகாமுக்கு வாருங்கள். ராபர்ட்டிடம் மட்டும், நாளைக்கு அவசியம் செய்யுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

அன்று சாயங்காலம் ராபர்ட் வீட்டுச் சமையலறையில் ஒத்திகை பார்த்தார். இமைகள் நடுங்கின, கண்ணில் நீர் வந்தது, வார்த்தை தடுமாறியது. திறந்த கண்ணோடு ஆண்டவரிடம் பேசுவது, குளிக்கும் ஒருவரிடம் பேசுவதுபோல் மரியாதைக் குறைவாகப் பட்டது. ஆனாலும் விடவில்லை. அப்போதுதான், கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக, தமிழ்ச்செல்வியும் ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை என்பதைப் பார்த்தார்.

“பால் வச்சிருக்கேன்ல” என்றார் தமிழ்ச்செல்வி.

ஞாயிறு. புழுக்கம். மழை வரும்போல் மூடிக்கொண்டு, வராமல் நின்றது வானம். அறையில் இருபத்தொரு பிள்ளைகளும் தலை குனிந்தார்கள். பாலகுமார் வழக்கம்போலக் கீபோர்டை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போனான். ராபர்ட் ஜெபத்தைத் தொடங்கினார். கண் திறந்திருந்தது.

முதலில் கண்ணில் பட்டது சுவர்க் காலண்டர். போன மாதமே இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்து அண்ணன் தம்பி இருவர் கண்ணை மூடியபடியே ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டு விஷயம் ஆயிற்று, இன்னும் ஒன்று என்று எண்ணியபடி பார்வையைக் கடைசி பெஞ்சுக்குக் கொண்டுபோனார்.

சுவரோரத்தில் எழிலரசி. அவள் வெளியேற முடியாதபடி பெஞ்சின் இந்த ஓரத்தில் பாலகுமார். அவள் மடியில் பாட்டுப் புத்தகம் விரிந்திருந்தது. அதற்குள் ஒரு போனின் வெளிச்சம் அவள் மோவாயில் விழுந்தது. அவள் மணிக்கட்டை அவன் ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தான். மறு கையின் விரல் போனைக் காட்டி, படி என்று சொல்வதுபோல் தட்டியது. அவள் படிக்கவில்லை. அவள் ராபர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டிய கதவு ஒன்றைத் தினமும் பார்த்துப் பழகியவள் பார்ப்பதுபோல், எதையும் எதிர்பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருப்பது தெரிய அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

பாலகுமார் முன்பக்கம் பார்க்கவே இல்லை. எட்டு வாரமாக அதற்குத் தேவை இருக்கவில்லை.

ராபர்ட்டின் வாய் நிற்கவில்லை. நிறுத்தினால் பிள்ளைகள் கண்ணைத் திறப்பார்கள், அவன் கையை எடுத்துவிடுவான், எல்லாம் எப்போதும்போல் ஆகிவிடும். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகவும் வேலையில்லாத தகப்பன்மாருக்காகவும் வேண்டிக்கொண்டே ராபர்ட் நடக்கத் தொடங்கினார். குரல் நகர்வதைக் கேட்டு, மூடிய கண்களோடே பிள்ளைகளின் முகங்கள் அதன் பின்னால் திரும்பின. மூன்றாவது பெஞ்சைத் தாண்டும்போது பாலகுமார் நிமிர்ந்தான்.

அறையில் கண் திறந்திருந்தவர்கள் மூன்று பேர். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜெபம் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

ராபர்ட் போய் அவனுக்கும் அவளுக்கும் நடுவில், இடமே இல்லாத இடத்தில் நெருக்கி உட்கார்ந்தார். போனை உள்ளே வைத்தபடியே பாட்டுப் புத்தகத்தை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். ஆமென் சொல்லவில்லை. பாலகுமார் எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போகும்வரை ஜெபித்தார். அவன் பைக் கிளம்பும் சத்தம் தேய்ந்த பிறகுதான் ஆமென் வந்தது.

மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கதவை விரியத் திறந்து வைத்து, அமிர்தத்துக்கு ஆள் அனுப்பினார். எழிலரசிக்குத் தண்ணீர் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். நோட்டில் கோடு போட்டிருந்த வரி இரண்டு வாரம் தாமதமாக வேலைக்கு வந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பேசினாள்.

“ஆறு வாரமா ஒங்களையேதான் பாத்துக்கினு இருந்தேன் அங்கிள். ஒரு நாளும் நீங்க கண்ணு தொறக்கல.”

ராபர்ட் டம்ளரை எடுத்து மறுபடி நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

அமிர்தம் வந்ததும் அவளாகவே சொன்னாள். அம்மாவின் போன் பழுதுக்குப் போனபோது அதிலிருந்த தன் படங்களை அவன் எடுத்துக்கொண்டான். சொன்னபடி கேட்காவிட்டால் அவற்றைக் கேவலமாக மாற்றி ஊருக்கே அனுப்புவேன் என்று மிரட்டினான். இந்த இரண்டாவது போனை அவனே கொடுத்தான். கடைசியாக வந்திருந்த செய்தி திரையிலேயே இருந்தது. வியாழக்கிழமை முகாமுக்கு அல்ல, வேறு இடத்துக்கு. யாரிடமும் சொல்லாதே. அந்த வியாழக்கிழமைக்கு அனுமதி கொடுத்த கையெழுத்து யாருடையது என்பது ராபர்ட்டுக்கு நினைவு வந்தது.

அரை மணியில் செயலர் பொன்னுரங்கமும் கமிட்டியார் நான்கு பேரும் வந்து சேர்ந்தார்கள். பாலகுமார் மாமாவுக்குப் போன் செய்திருக்கிறான். ராபர்ட் தப்பாகப் புரிந்துகொண்டு ரகளை செய்கிறார் என்று. பொன்னுரங்கம் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கெட்டவரல்ல. அக்கா மகனை வளர்த்தவர். பெண்ணின் பெயரும் கெடக்கூடாது, பையன் வாழ்க்கையும் பாழாகக்கூடாது, போலீஸ் என்று போனால் சபையின் பெயர் என்ன ஆவது என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். எல்லாம் உண்மையான கவலைகள். அவற்றில் எழிலரசியின் வியாழக்கிழமை மட்டும் இல்லை.

“இத ஜெபத்துல வைப்போம் ராபர்ட்டு.”

“வச்சோம் சார். எட்டு வாரம் வச்சோம்.”

“சரி, ஆத்திரத்துல எதுவும் பேச வேணாம். ஒரு நிமிஷம் ஜெபிச்சிட்டு அப்புறம் முடிவெடுப்போம்.”

கமிட்டி கண்ணை மூடியது. பொன்னுரங்கம் உருக்கமாக ஜெபித்தார். அவருக்கும் அந்த வரம் உண்டு. முடித்துக் கண்ணைத் திறந்தபோது எதிரே மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. ராபர்ட்டும் அமிர்தமும் எழிலரசியும் போனோடு போய்விட்டிருந்தார்கள். மூன்று பேர் எழுந்து போன சத்தம் ஒருவருக்கும் கேட்டிருக்கவில்லை. வினோதினி சிஸ்டர் இருந்திருந்தால் அவர்கள் எல்லோரையும் தேறாதவர்கள் பட்டியலில் போட்டிருப்பார்.

ராபர்ட் கடையைத் திறந்து, ஷட்டரைப் பாதி தூக்கிவைத்துக்கொண்டு வினோதினிக்குப் போன் செய்தார். அவர் வியப்பு காட்டவில்லை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். அந்தப் பெண்ணிடம் மேற்கொண்டு கேள்வி கேட்காதீர்கள், கேட்கத் தெரிந்தவர்கள் வருவார்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் நேரத்தோடு எழுதுங்கள் என்றார். ராபர்ட் எழுதினார். ஒன்று, காலண்டர். இரண்டு, கிள்ளிக்கொண்ட சகோதரர்கள். மூன்றாவது ஒரு பக்கம் நீண்டது. மூன்று பிரதி எடுத்தார். போலீஸுக்கு ஒன்று, உதவி எண்காரர்களுக்கு ஒன்று. மூன்றாவதைத் தேர்வுத்தாளாக வினோதினிக்கு அனுப்பினார். வேறு தாள் எழுத அவரிடம் தெம்பு இல்லை.

பாலகுமார் ஐந்தாம் நாள் பிடிபட்டான். இரண்டு மாதத்தில் ஜாமீனில் வந்தான். வழக்கு அதன் வேகத்தில் போகிறது. அந்த வேகத்துக்குக் குக்கர் விசில் போதாது. சபை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி ராபர்ட்டின் கடைக்கு வருவதை நிறுத்தியது. மற்றொரு பாதி வந்து, நீ செய்தது சரிதான், ஆனால் செய்த விதம்தான் என்று இழுத்தது. எழிலரசி நெல்லிக்குப்பத்தில் பெரியம்மா வீட்டிலிருந்து பரீட்சை எழுதினாள். கோயிலுக்கு வருவதில்லை. ராபர்ட் கூப்பிடவும் இல்லை. மாதம் ஒருமுறை தமிழ்ச்செல்வி மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வந்து, நல்லா சாப்பிடுது, இப்ப கொஞ்சம் தூங்குதாம் என்பார்.

பயிற்சிச் சான்றிதழ் தபாலில் வந்தது. லேமினேட் செய்வதே தொழிலாக உள்ளவர், அதை மட்டும் செய்யவில்லை. மேசை இழுப்பறையில், தான் கையெழுத்துப் போட்ட எழிலரசியின் அனுமதிப் படிவத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார். பிள்ளைகள் கூட்டம் ஏழு பேரோடு நடக்கிறது. காவலுக்கு வாரம் இருவர், மாற்றி மாற்றி. ஜெபம் இரண்டு நிமிடம். ராபர்ட்டின் கண் இப்போது மூடுவதில்லை; தூங்கும்போதுகூடச் சந்தேகம்தான் என்கிறார் தமிழ்ச்செல்வி.

ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கல்லூரி மாணவன் ஒருவன் கடைக்கு வந்தான். திட்டக்குடிப் பக்கத்து ஊர். சொந்த ஊர்ச் சபையின் கோடை முகாமில் கொடுக்க நிகழ்ச்சி நிரல், இருநூறு பிரதி. ராபர்ட் மெஷினை ஓட்டிவிட்டு, வெளியே விழுந்த முதல் தாளைப் பழக்கத்தில் எடுத்துப் பார்த்தார். இடம், தேதி, பேசப்போகும் போதகர்கள். கடைசியில் வட்டத்துக்குள் ஒரு படம், கீபோர்டுக்குப் பின்னால் சிரித்தபடி. இசை: சகோதரர் பிரின்ஸ். பெயர் புதிது. முகம் பாலகுமார்.

மெஷின் தாள்களைத் தள்ளிக்கொண்டே இருந்தது. ராபர்ட் சாதாரணமாகக் கேட்டார்.

“தம்பி, ஒங்க ஊர்ல பிள்ளைங்க ஜெபிக்கும்போது கண்ணத் தொறந்து வச்சுக்கினு பாத்துக்கறது யாரு?”

“அதெல்லாம் இருக்கு சார். கீபோர்டு அண்ணன்தான். நாங்க யாரும் கேக்கக்கூட இல்ல, அவரே பாத்துக்குறேன்னு சொல்லிட்டாரு.”

“முகாம் எப்ப?”

“நாளைக்கு. கீபோர்டு செட் பண்ண அவரு இன்னிக்கே போறாரு. பாட்டு பாடுற புள்ளைங்க ரெண்டு பேர அழைச்சிக்கினு.”

ராபர்ட் மெஷினை நிறுத்தினார். 1098-க்குச் சொன்னார்; குறித்துக்கொண்டார்கள், விவரம் கேட்டார்கள். வினோதினிக்குச் சொன்னார். பிறகு அந்த மாணவனிடம் அவர்கள் ஊர்ப் போதகரின் எண்ணை வாங்கி அடித்தார். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. மீண்டும் அடித்தார்.

“இப்ப எடுக்க மாட்டாங்க சார்” என்றான் மாணவன். “வெள்ளிக்கெழம உபவாச ஜெபம். எல்லாரும் கண்ண மூடிக்கினு இருப்பாங்க. ஒரு மணி ஆவும்.”

கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து. திட்டக்குடிக்கு விருத்தாசலம் வழியாக மூன்று மணி நேரம். ராபர்ட் இழுப்பறையிலிருந்து அந்த அனுமதிப் படிவத்தை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். மாணவனை வெளியே வரச் சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்தார்.